குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் கேரில் மாணவர்களைச் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் என்.எஸ்.எஸ். பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள், ஆஸ்பத்திரியில் தன்னார்வலர்களைக் கவனிக்கும் சமூகப் பணியாளர்கள், அப்புறம் "எங்களால ஏதாவது செய்ய முடியுமா சார்?" என்று வந்து நிற்கும் மாணவர்கள், இந்த மூன்று தரப்பையும் மனதில் வைத்துதான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வார்டுக்குக் கேக்கும் பலூனும் கொண்டுபோய், ஜோக்கர் வேஷம் போட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதைப் பற்றி இதில் எதுவும் இருக்காது. அதற்கு வழிகாட்டி தேவையில்லை, அது பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் நேரமில்லாமல் வாரக்கணக்கில் தள்ளிப்போகிற, ஆனால் நடக்காவிட்டால் அந்தக் குடும்பம் நொடிந்துபோகிற வேலைகள் எல்லா வார்டிலும் உண்டு. மாணவர்களை அந்த வேலைகளில் இறக்குவது எப்படி என்பதுதான் விஷயம்.

எந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம்

பாலியேட்டிவ் கேர், அதாவது நோயாளியின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்பு என்றதும் "டாக்டர் கைவிட்ட கேஸ்" என்றுதான் நம் ஊரில் பலருக்குத் தோன்றுகிறது, படித்தவர்களுக்கும்தான். உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே குழந்தைகளுக்கென்று தனி விளக்கம் கொடுத்துவிட்டது. நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே இது தொடங்க வேண்டும், குணப்படுத்தும் சிகிச்சை ஒரு பக்கம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது தொடர வேண்டும், பிள்ளையின் உடம்போடு மனசையும் குடும்பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ ஏறிக்கொண்டிருக்கிற, அடுத்த வருஷம் குணமாகிப் பள்ளிக்கூடம் போகப்போகிற பிள்ளைக்கும் இது உண்டு.

கேன்சர் வார்டை மட்டும் நினைத்துக்கொண்டு வருகிற மாணவர்கள் மற்ற பிள்ளைகளைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்துப் போவார்கள். டூஷன் தசைச்சிதைவு நோய் இருக்கும் பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவாக்கில் நடையை இழந்து, அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் சக்கர நாற்காலியில் படித்து, சண்டை போட்டு, கிரிக்கெட் பார்த்து வாழ்கிறார்கள். கடுமையான மூளை முடக்குவாதம் இருக்கும் பிள்ளைகள், பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்கள், தலசீமியாவுக்காக மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் என்று பட்டியல் நீளம். பல குடும்பங்களுக்கு இது பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஓடுகிற விஷயம் என்பதால், ஒரு செமஸ்டருக்கு மட்டும் போட்ட திட்டம் இங்கே செல்லாது.

தேவை எவ்வளவு பெரியது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2015ஆம் ஆண்டை வைத்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் மதிப்பிட்டபடி, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகள் தணிக்கப்படாத கடும் துன்பத்தோடு இறக்கிறார்கள், அதில் 98 சதவீதத்துக்கு மேல் வளரும் நாடுகளில். நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு மாற்று வழி காட்டியவர்கள் கேரளத்துக்காரர்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய பாலியேட்டிவ் சங்கத்திலிருந்து வளர்ந்து, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்து மனிதர்களே நோயாளியின் வீடு தேடிப் போகிற ஏற்பாடு உருவானது. 2008இல் மாநில அரசே பாலியேட்டிவ் கொள்கையை வெளியிட்டது, இந்தியாவில் அதுதான் முதல். அங்கே கல்லூரிகளில் இதற்கென்றே மாணவர் பிரிவுகள் இருக்கின்றன, ஜனவரி 15ஐ பாலியேட்டிவ் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். டாக்டர் பட்டம் இல்லாதவர்களாலும் இதில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்று உங்கள் முதல்வர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

படி 1: மாணவர்களுக்கு முன்னால் டீமைப் பிடியுங்கள்

பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நோட்டீஸ் ஒட்டி, அறுபது பேர் பெயர் கொடுத்து, டி-ஷர்ட் அடித்த பிறகு ஆஸ்பத்திரியைத் தேடுவார்கள். முதலில் ஒரு மருத்துவக் குழு வேண்டும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவு, கேன்சர் ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் தொண்டு நிறுவனம், இவற்றில் ஒன்று கிடைக்கும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பாலியேட்டிவ் சேவையும் பிசியோதெரபியும் இருக்கின்றன. கிராமப்புறக் கல்லூரி என்றால் வட்டார அளவில் அந்தத் திட்டத்தின் நர்ஸிடம் பேசுவதுதான் நல்ல ஆரம்பம். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை படுத்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அவர்களிடம் "நாங்கள் என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?" என்று கேட்காதீர்கள். "உங்களிடம் எந்த வேலை மாசக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது?" என்று கேளுங்கள். பதில்கள் ஆச்சரியமாக இருக்கும். நாலு பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க அலைய ஆள் இல்லை, விளையாட்டு அறையில் இருக்கிற பொம்மைகளைக் கழுவ ஆள் இல்லை, வார்டில் இருக்கிற பையனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, இந்தி மட்டும் பேசும் வடமாநிலத் தொழிலாளி குடும்பத்துக்கு மொழிபெயர்க்க ஆள் இல்லை. இப்படித்தான் வரும்.

இன்னொன்று, குழுவில் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மாணவர் போன் செய்தால் எடுக்கிறவர், நேரில் பார்த்தால் முகம் தெரிகிறவர். அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த இடத்தில் தொடங்காதீர்கள், எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி.

படி 2: தாளில் எழுதி வாங்குங்கள்

இது சலிப்பான பகுதி, சீக்கிரம் முடித்துவிடலாம். கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே ஒரு பக்க ஒப்பந்தம் போதும். வார்டுக்கும் வீட்டுக்கும் போகிறவர்கள் 18 வயது நிறைந்தவர்களாக இருக்கட்டும். எப்போதும் இரண்டு பேராகப் போக வேண்டும், பிள்ளையோடு தனியாக, கதவு சாத்திய அறையில் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது என்பதை எல்லோருக்கும் விளக்கிக் கையெழுத்து வாங்குங்கள். பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும், பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது என்றால் அதனிடமும் கேட்க வேண்டும்.

போட்டோ வேண்டாம். முகத்தை மறைத்த போட்டோவும் வேண்டாம், கை மட்டும் தெரிகிற போட்டோவும் வேண்டாம், ஸ்டேட்டஸில் "இன்று ஒரு குட்டி தேவதையைச் சந்தித்தேன்" என்பதும் வேண்டாம். சின்ன ஊரில் கையை வைத்தே பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு அக்கா கல்யாண வயதில் இருந்தால் என்ன நடக்கும் என்று நம் மாணவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படி 3: யாரை எடுப்பது

முதல் வருஷம் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவம், நர்ஸிங், சமூகப்பணி மாணவர்கள்தான் பொருத்தம் என்று நினைக்க வேண்டாம், சில வேலைகளில் அவர்களைவிட மற்றவர்கள் கெட்டிக்காரர்கள். ஐ.டி.ஐ. படிக்கும் ஒரு பையன் பழைய இரும்புக் குழாயை வளைத்து, கட்டில் சட்டத்தில் மாட்டுகிற செல்போன் ஸ்டாண்டு செய்து கொடுத்தான். கழுத்தைத் தூக்க முடியாத ஒரு பையன் அதற்குப் பிறகு படுத்தபடியே ஆன்லைன் செஸ் விளையாடினான். அதுவரை அவன் அப்பா மணிக்கணக்கில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நேர்காணலில் "ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். அதற்குப் பதில் "கடைசியாக நீங்கள் வாராவாரம் தவறாமல் செய்த வேலை எது?" என்று கேளுங்கள். காலையில் பேப்பர் போட்டேன், பாட்டிக்கு இன்சுலின் போட்டேன் என்று சொல்கிறவரை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்தவர்களை இப்போதைக்குப் பிள்ளைகளிடம் அனுப்ப வேண்டாம். விண்ணப்ப வேலை, வடிவமைப்பு வேலை என்று பின்னணியில் வைத்திருந்து, ஒரு வருஷம் போகட்டும். இதை அவர்கள் மனம் நோகாமல், தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

அம்மை போட்டதா, தடுப்பூசிகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கீமோ எடுக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சளி, காய்ச்சல், கண்வலி இருந்தால் வரக் கூடாது, அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

படி 4: பயிற்சி

குறைந்தது இரண்டு முழு நாள். பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் நடித்துப் பார்ப்பது. கை கழுவுவதில் தொடங்குங்கள், சிரித்துக்கொண்டே செய்வார்கள், அதனால்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும்.

வலியை அளப்பதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மாணவர் மருந்து கொடுக்கப் போவதில்லை, ஆனால் பிள்ளையின் பக்கத்தில் அதிக நேரம் உட்காரப் போவது அவர்தான். பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆறு முகம் வரைந்த அட்டை இருக்கிறது, 0, 2, 4 என்று 10 வரை மதிப்பெண். உங்கள் வார்டில் எந்த அட்டை வைத்திருக்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையை நீட்டி "எப்படி இருக்க?" என்று கேட்டால் பிள்ளை தன் மூடைச் சொல்லும், வலியைச் சொல்லாது. "இந்த முகத்துக்குக் கொஞ்சம்கூட வலியே இல்ல. இதுக்குக் கொஞ்சூண்டு வலிக்குது. அப்படியே போய்ப் போய் இந்தக் கடைசி முகத்துக்கு ரொம்ப ரொம்ப வலி. இப்ப உனக்கு எந்த முகம்?" என்று கேட்க வேண்டும். ஆறு வயதுப் பெண் ஒருத்தி கடைசி முகத்தில் விரலை வைத்தாள். எங்கே வலிக்குது கண்ணு என்று கேட்டதும், "எங்கேயும் இல்ல, அம்மா சாப்பிடப் போயிருக்கு" என்றாள். இன்னொரு பக்கம், வலி என்று சொன்னால் ஊசி போடுவார்கள் என்று பயந்து பூஜ்ஜியத்தைக் காட்டும் பிள்ளைகளும் உண்டு. போனில் கேம் விளையாடுகிறான் என்பதால் வலி இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, வலியை மறக்கத்தான் பல பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

பேச முடியாத பிள்ளைகளுக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, மொத்தம் 10க்குக் கணக்கிடும் முறை இருக்கிறது. அதோடு அம்மாவிடம் கேளுங்கள். "வலிச்சா இவன் இடது கையை மடக்குவான்" என்பது எந்த அட்டையிலும் இருக்காது.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வார்டு வராந்தாவில் பெற்றோர் கேட்பது டாக்டரிடம் அல்ல, மாணவரிடம்தான். "தம்பி, இது போதை மருந்தாமே?" என்பார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வாங்கி வைக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டதால், ஆஸ்பத்திரிகள் பலவும் அதைக் கைவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள், ஆனால் நடுவில் படித்து வெளியே வந்த ஒரு தலைமுறை டாக்டர்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பழக்கமே இல்லாமல் போயிற்று. கடும் வலிக்கு டாக்டர் கணக்குப்படி, வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்கு நேரம் கொடுத்தால் பிள்ளை நிம்மதியாக இருக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். அளவு பற்றி மாணவர் வாயைத் திறக்கக் கூடாது, "சிஸ்டர்கிட்ட இப்பவே கேட்டுட்டு வரேன்கா" என்று எழுந்து போவதுதான் அவர் வேலை.

கடைசியாக, பேச்சு. "எல்லாம் சரியாயிடும்", "கடவுள் சோதிக்கிறார்", "நீ ரொம்ப தைரியசாலி", இந்த மூன்றையும் தவிர்க்கப் பழக்குங்கள். மூன்றாவது ஏன் என்று கேட்பார்கள். தைரியசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளை அப்புறம் அழ வெட்கப்படும்.

நடித்துப் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. பிள்ளை திடீரென்று "அண்ணா, நான் செத்துப் போயிடுவேனா?" என்று கேட்கிறது. மாணவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுவார்கள்: "சீ, அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயடைப்பது, இல்லையென்றால் உண்மை சொல்ல வேண்டும் என்ற வேகத்தில் எதையாவது உளறுவது. செய்ய வேண்டியது இதுதான். எழுந்து போகாமல் உட்காருங்கள். "ஏன்டா அப்படித் தோணிச்சு?" என்று மெதுவாகக் கேளுங்கள். சில சமயம் பக்கத்துக் கட்டில் காலியானது காரணமாக இருக்கும். சில சமயம் அப்பாவும் அம்மாவும் ராத்திரி அழுததைக் கேட்டிருப்பான். முழுக்கக் கேட்டபிறகு, "எனக்கு அது தெரியாதுடா. நீ கேட்டதை டாக்டர்கிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேளுங்கள். அன்றைக்கே குழுவிடம் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் நோயை மறைத்து வைத்திருக்கும் வீடுகள்தான் நம்மிடம் அதிகம். அதை உடைப்பது மாணவரின் வேலை இல்லை, அதற்காகப் பொய்க்குத் துணைபோகவும் வேண்டியதில்லை.

படி 5: வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

கூடப் பிறந்த பிள்ளைகள். என்னைக் கேட்டால் மாணவர்களால் ஆகக்கூடிய பெரிய உதவி இதுதான், யாரும் கவனிக்காததும் இதுதான். தம்பிக்கு ட்யூமர் என்று தெரிந்த நாளிலிருந்து அக்காவைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் என்ன சாப்பிட்டாள், பரீட்சையில் எவ்வளவு வாங்கினாள், பெரிய பெண்ணானபோது யார் கூட இருந்தார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. சில பிள்ளைகள் தான் அடித்ததால்தான் தம்பிக்கு இப்படி ஆயிற்று என்றே நம்பிக்கொண்டிருக்கும். வாரம் இரண்டு மணி நேரம் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு அக்கா வருகிறாள் என்றால், பாடம் பாதி, பேச்சு பாதியாகப் போகும். தொற்று பயமும் குறைவு, புதிய மாணவர்களைத் தொடங்க வைக்க ஏற்ற இடம்.

அரசு உதவி. தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். அதற்கு முன்னால் அடையாள அட்டை வேண்டும், அதற்கு முன்னால் மருத்துவச் சான்று வேண்டும், ஆதாரில் பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கும். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, கேன்சர் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து பாடம் எடுப்பது, இவையெல்லாம் இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. படுத்த பிள்ளையை விட்டுவிட்டு அம்மா கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்க முடியாது. இரண்டு பி.காம். மாணவர்கள் ஒரு ஃபைலும் ஜெராக்ஸ் காசும் வைத்துக்கொண்டு நிற்க முடியும்.

பொருள் வேலை. வாசற்படிக்குச் சாய்தளம், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, படுக்கையில் சாய்ந்து உட்கார மெத்தை. பொறியியல் மாணவர்கள் முதல் நாளே செயலி செய்யக் கிளம்பிவிடுவார்கள், தடுத்து நிறுத்தி டேப்பைக் கையில் கொடுத்து வாசற்படி உயரத்தை அளந்து வரச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் எதையும் பிள்ளையின் உடம்பில் பொருத்தக் கூடாது.

மற்றது: விளையாட்டுப் பொருட்களைத் துடைத்து வைப்பது, எளிய தமிழில் மருந்து அட்டவணை வடிவமைப்பது (டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சடிக்க வேண்டும்), ரத்த தானப் பட்டியல் பராமரிப்பது.

பள்ளி மாணவர்கள் கேட்டால்? வார்டுக்கு வேண்டாம். அவர்கள் வகுப்பிலேயே ஒரு பிள்ளை இருந்தால் அங்கே நிறைய வேலை இருக்கிறது. மொட்டைத் தலையோடு திரும்பி வருபவனை எப்படிப் பார்ப்பது, "ஒட்டிக்குமா?" என்ற கேள்விக்கு என்ன பதில், பி.டி. பீரியடில் அவனுக்கு ஸ்கோர் எழுதும் பொறுப்பைக் கொடுப்பது, மாடி வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்பது. முக்கியமாக ஒன்று: வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால், கீமோ எடுக்கும் பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே தகவல் போக வேண்டும். இதற்கு ஒரு மாணவரைப் பொறுப்பாக நியமித்துவிடுங்கள்.

படி 6: முதல் சந்திப்பு

முதல் இரண்டு மூன்று தடவை பழைய ஆளோ நர்ஸோ கூட இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கை கழுவி, மாஸ்க் போட்டு, கட்டிலின் உயரத்துக்கு உட்கார்ந்து, "நான் இங்க கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் "சரி, வியாழக்கிழமை வரேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். ஊசியை, மாத்திரையை, ஸ்கேனை வேண்டாம் என்று அந்தப் பிள்ளையால் சொல்ல முடியாது. உங்களை வேண்டாம் என்று சொல்ல முடியும், அந்த உரிமையை அதற்குக் கொடுங்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை யூனோ கார்டை அதுவே எடுத்து வெளியே வைக்கும்.

பூ, சாப்பாட்டுப் பொருள், கழுவ முடியாத பஞ்சு பொம்மை கொண்டுபோக வேண்டாம். வீட்டுக்குப் போனால் காபி கொடுப்பார்கள், குடியுங்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். பணம் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள், தேவை இருந்தால் குழுவிடம் சொல்லுங்கள். கிளம்பும்போது அடுத்து எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள், சொன்ன நாளில் போங்கள். பரீட்சை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 7: சேவையை மேம்படுத்தும் சின்ன ஆய்வு

மாணவர்களிடம் கணக்குப் போடும் பழக்கமும், "ஏன் இப்படிச் செய்றீங்க?" என்று கூச்சமில்லாமல் கேட்கிற வயதும் இருக்கிறது. இதைச் சரியாகப் பயன்படுத்தினால் வார்டே மாறும், தவறாகப் பயன்படுத்தினால் நர்ஸுகளைக் குற்றம் பிடிக்கும் வேலையாகிவிடும். அதனால் கேள்வியை நர்ஸுகளே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி சின்னதாக, எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். "குழந்தைகளின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவது" என்று எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். நேற்று வலி மதிப்பெண் எத்தனை கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்கிறது? வலி என்று சொன்னதிலிருந்து மருந்து கைக்கு வர ராத்திரியில் எவ்வளவு நேரம்? டிஸ்சார்ஜ் ஆகும் அம்மாவுக்கு நடுராத்திரியில் யாருக்குப் போன் செய்வது என்று தெரிகிறதா? இப்படி.

முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியின் எழுத்து அனுமதியோடு, வாரம் ஒரு நாள், பத்து கேஸ் ஷீட்டை எடுத்து, மதிப்பெண் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறியுங்கள், பெயரோ நம்பரோ உங்கள் தாளில் வரக் கூடாது. நாலு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். இந்த நாலு வாரத்தைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோரும் துடிப்பார்கள், விடாதீர்கள், இது இல்லாமல் பிறகு எதையும் ஒப்பிட முடியாது. அப்புறம் ஏன் எழுதப்படவில்லை என்று நைட் டியூட்டி சிஸ்டரோடு ஒரு டீ குடித்துக்கொண்டு கேளுங்கள். ஒரு வார்டில் காரணம் இவ்வளவுதான்: முக அட்டை சிஸ்டர் அறை பீரோவில், சாவி பகல் ஷிப்டோடு வீட்டுக்குப் போய்விடும். ஒவ்வொரு கட்டிலிலும் லேமினேட் செய்த அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்த மாதிரி ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, மறுபடி எண்ணுங்கள், வரைபடத் தாளில் வாரவாரம் புள்ளி வைத்து வார்டு சுவரில் ஒட்டுங்கள். ஏறினால் நல்லது, ஏறாவிட்டால் வேறு காரணம் தேடுங்கள். எழுதப்பட்ட மதிப்பெண்ணுக்கு மருந்து போயிற்றா என்பது அடுத்த சுற்றுக்கான கேள்வி.

கூட்டத்தில் ஒரு அம்மாவும், முடிந்தால் சிகிச்சை முடித்த ஒரு பதின்வயதுப் பிள்ளையும் இருக்கட்டும். நாம் ஆறு மாசம் யோசித்து ஒரு திட்டம் போட்டிருப்போம், அந்த அம்மா "அதெல்லாம் சரிங்க, ராத்திரி லைட்டை அணைச்சா போதும், புள்ள தூங்கும்" என்பார்.

படி 8: பிள்ளை இறந்தால்

இறக்கும், சில பிள்ளைகள். பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். தகவல் வாட்ஸ்அப் குழுவில் வரக் கூடாது, ஒருங்கிணைப்பாளர் அந்த இரண்டு மாணவர்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், விடுதியில் அன்று இரவு யார் கூட இருப்பார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். துக்க வீட்டுக்குப் போவது குடும்பம் விரும்பினால், ஆசிரியர் கூட இருந்தால். இரண்டு மூன்று நாளுக்குள் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அழுகிறவர்களை விடப் பேசாமல் இருக்கிறவர்களைக் கவனியுங்கள். தூக்கம் கெடுகிறது, வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் கல்லூரி ஆலோசகரிடம் அனுப்புங்கள். 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த அக்காவின் வருகை மட்டும் நிற்கக் கூடாது. கூடப் பிறந்த பிள்ளைக்கு வீட்டில் பழையபடி வந்துகொண்டிருப்பது அந்த ஒருத்திதான். பரீட்சை வரையோ, அந்தக் கல்வியாண்டு முடியும் வரையோ தொடர்ந்து, முன்கூட்டியே சொல்லி, முறையாக முடியுங்கள்.

படி 9: ஆள் மாறும்போது

என்.எஸ்.எஸ். கணக்கில் ஆண்டுக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டும், இந்த வேலை தாராளமாக அதைத் தாண்டும், கையெழுத்துப் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். சான்றிதழ் ஆண்டு முடிவில்தான், ஒரு நாள் வந்து போனவருக்கு இல்லை. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக பாலியேட்டிவ் தினம் வரும்போது மைக் பிடிக்க எல்லோரும் தயாராக இருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் யார் இருப்பார்கள் என்பதைப் பிப்ரவரியிலேயே கேட்டு எழுதிவையுங்கள், கோடை விடுமுறையில்தான் மொத்தப் பேரும் ஊருக்குப் போய்விடுவார்கள், நோய்க்கு விடுமுறை கிடையாது. உள்ளூர் மாணவர்கள் இரண்டு பேராவது குழுவில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு வையுங்கள், அது ஆஸ்பத்திரியில் பூட்டி இருக்கட்டும். அதில் மருத்துவ விவரம் தேவையில்லை. பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எந்தக் கையில் ட்ரிப்ஸ் போட்டால் வரைய முடியாது, எந்த விண்ணப்பம் எந்த மேஜையில் நிற்கிறது, அப்பாவிடம் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. இறுதியாண்டு மாணவர் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு ஜூனியரைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்க வேண்டும். கடைசி நாள் எது என்று பிள்ளைக்கும் தெரிய வேண்டும். ஜூனில் புது ஆளை வீட்டில் அறிமுகம் செய்துவைக்கப் பழைய மாணவரே ஒரு தடவை கூட வர வேண்டும், வேலை கிடைத்து வெளியூர் போயிருந்தால் வீடியோ காலிலாவது.